அரையா, முழுசா

மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு தாயும் மகளும். பக்கத்தில், அந்தப் பெண்ணைத் திருப்பூர் மில்லில் சேர்க்கக் கூட்டிப்போகும் ஏஜெண்ட்.

“எனக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு அரை,” என்றாள் தாய்.

“இதுக்கா அரை? வயசு என்ன?” என்றார் கண்டக்டர்.

“பதினொண்ணுதாங்க. வளத்தி ஜாஸ்தி.”

கண்டக்டர் நம்பாமலே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். ஏஜெண்ட் அந்தப் பெண்ணிடம் குனிந்தான்.

“மில்லுல வயசு கேட்டா என்ன சொல்லணும்?”

“பதினெட்டு.”

“முணுமுணுக்காத. நிமிந்து சொல்லு.”

“பதினெட்டு.”

கண்டக்டர் திரும்பி வந்தார். அவர் அந்தப் பெண்ணையே கேட்டார்.

“நீ சொல்லும்மா. உனக்கு என்ன வயசு?”

அவள் ஏஜெண்டைப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்தாள்.

“இப்ப எந்த வயச சொல்லணும்மா?”