பேச்சக்காவிடம் நான் கேட்காத மன்னிப்பு

மேடையில் இருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, உடன் பணிபுரியும் தோழர்களே, பேச்சக்காவின் கணவரே, மகளே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் நம் மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தந்தவர் பேச்சக்கா. பதினோரு நாள் முன்பு, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் வாசலிலேயே சாய்ந்துவிட்டார். வயது ஐம்பத்தொன்று. இது போகிற வயதா?

குழந்தைகள் மருத்துவர் என்ற முறையில் அவரைப் புகழ்ந்து பேச என்னை அழைத்தார்கள். புகழ எவ்வளவோ இருக்கிறது. பேச்சக்கா என்று பெயர்தானே தவிர, அவர் அதிகம் பேசியதில்லை. தரையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து சோப்புக் குமிழி டப்பாவை இறுக மூடிக்கொண்டு காத்திருப்பார். ஒரு தாய் பொறுக்க முடியாமல் கேட்டார், "ஏழு வாரமா வெளையாடிக்கிட்டேதானே இருக்கீங்க?" அக்கா சிரித்தார். "நான் வெளையாடலைம்மா. அவன் கேக்கட்டும்னு உக்காந்திருக்கேன்." எட்டாவது வாரம் அந்த நான்கு வயதுப் பையன் டப்பாவைத் தொட்டு "தா" என்றான். அவன் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

இப்படியே சொல்லிக்கொண்டு போய் நான் உட்கார்ந்துவிடலாம். நேற்று ஒரு தாயிடம் போனில் பேசினேன். தையற்கடை வைத்திருப்பவர். "நாளைக்கு நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்" என்றேன். "நான் பேச மாட்டேன் டாக்டர்" என்றார். "நீங்க பேசுங்க. ஆனா நடந்ததைச் சொல்லுங்க" என்று அவரே சொன்னார்.

ஆகவே, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தத் தாய் தன் மகளை ஒன்றரை வயதில் என்னிடம் கொண்டுவந்தார். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா டாக்டர்." நான் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டினேன். திரும்பியது. "நல்லாத்தான் கேக்குது. சில பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும். மூணு வயசு வரைக்கும் பொறுங்க" என்றேன். இரண்டரை வயதில் மறுபடி வந்தார். மறுபடி கைதட்டினேன். மறுபடி பொறுக்கச் சொன்னேன். அதன்பிறகு அவர் என்னிடம் வரவில்லை. பிள்ளைக்கு நான்கரை வயதானபோது, யாரும் சொல்லாமல், தானாகவே மாடியேறி அக்காவின் அறைக்குப் போனார்.

மறுநாள் அக்கா அந்தச் சிறுமியோடு என் அறைக்கு வந்தார். "டாக்டர், அன்னைக்கு எப்படித் தட்டினீங்களோ அப்படியே தட்டுங்க." தட்டினேன். சிறுமி திரும்பினாள். அக்கா போய் என் பின்னால் இருந்த ஜன்னல் திரையை இழுத்து மூடினார். "இப்போ தட்டுங்க." தட்டினேன். திரும்பவில்லை. உள்ளங்கை எரிய எரியத் தட்டினேன். அவள் பொம்மையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இருந்தாள்.

"சத்தத்துக்குத் திரும்பலை டாக்டர். செவுத்துல உங்க நெழல் ஆடினதுக்குத் திரும்பியிருக்கா" என்றார் அக்கா.

பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு காதும் கேட்காது. மூன்று ஆண்டுகளை நான் தின்றிருந்தேன். காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. ஒலி வந்தது, சொல் வரவில்லை.

அன்று நான் என்ன செய்தேன்? மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. மருத்துவரின் முடிவில் தலையிடுகிறார் என்று அக்கா மீது புகார் எழுதினேன். மருத்துவரின் கடிதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அவர் பார்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஓராண்டு அது நடப்பில் இருந்தது.

அந்த ஓராண்டும் அக்கா மதிய இடைவேளையில் தடுப்பூசி வரிசையில் வந்து நிற்பார். பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்குவார். ஒரு செவிலி கேட்டார், "என்னக்கா, சாவியத் தொலைச்சிட்டீங்களா?" "இல்லம்மா, காதைத் தேடுறேன்." அப்படித் தேடியே மூன்று பிள்ளைகளைக் கண்டுபிடித்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்து போனேன். பிறகு, அக்கா பார்க்கட்டும் என்று பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதி அனுப்பத் தொடங்கினேன். அதற்கே பெருந்தன்மை என்று பெயர் வைத்துக்கொண்டவன் நான்.

தையற்கடைத் தாயின் மகளை அக்கா கைவிடவில்லை. பேச்சு வராது என்று தெரிந்ததும், நாற்பது வயதில் சைகை மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்தார். "பேச்சு வரலைன்னா போகட்டும். பிள்ளைக்கு மொழி வேணும்" என்று தாயையும் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். ஆறு வயதில் அந்தப் பிள்ளை முதன்முறையாகத் தாயிடம் கையால் சொன்னது என்ன தெரியுமா? வயிறு வலிக்கிறது என்று. அதுவரை எத்தனை முறை அழுதிருக்கும். எங்கே வலிக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பெண்ணுக்கு இன்று பதினாறு வயது. மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். நான் சொல்வதை அவள் அம்மா கையால் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளே, உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கொடுப்பதும் மறுப்பதும் உன் விருப்பம். அக்காவிடம் கேட்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் இருந்தன. தினமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினோம். நான் கேட்கவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

அவர் மேஜையில் ஒரு நோட்டு கிடைத்தது. காத்திருக்கும் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர். முதலில் இருப்பது இரண்டு வயதுப் பிள்ளை. இன்று காலை அந்தத் தகப்பனுக்குப் போன் போட்டேன். "அக்காதான் இல்லையே டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கட்டுமா?" என்றார். "வேண்டாங்க. நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றேன்.

தலைமை மருத்துவர் அவர்களே, நாளை ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளை வரும். அந்த அறையில் ஆள் இல்லை. ஆள் போடுங்கள். போடும்வரை தினமும் காலை ஒரு மணி நேரம் அந்த அறையைத் திறந்து நான் உட்காருவேன். அக்காவின் வேலை எனக்குத் தெரியாது. வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் அன்றே காது பரிசோதனைக்கு நானே கூட்டிப்போவேன். இந்தச் சபையின் முன் நான் தரும் உறுதி இவ்வளவுதான். பெரிதாக எதுவும் தர எனக்குத் தகுதி இல்லை.