வயிற்றுவலி

குற்றாலத்திலிருந்து தென்காசி போகும் பஸ். சாரலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் இருக்கையில் யாரோ ஒரு மதினியும் அவள் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். மதினியின் கையில் புகார் எழுதிய தாள்.

"எம்மகளுக்கு நீ என்னட்டி சொக்குப்பொடி போட்ட?" என்று அவள் கேட்டபோதுதான் காதைக் கொடுத்தேன்.

"மதினி, அந்த டியூஷன் சார் பிள்ளைமேல கைய வச்சிருக்கான். மகளிர் ஸ்டேஷனுக்குப் போயிக்கிட்டு இருக்கோம். இப்பம் இந்தப் பேச்சு எதுக்கு?"

"பெத்தவ நான் இருக்கேன். நீ லீவுக்கு வந்துட்டுப் போற அத்தை. எங்கிட்ட வாயத் தொறக்காதவ ஒங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருக்கா. எனக்கு வயிறு எரியுதுட்டி."

"அவளா வந்து சொல்லல மதினி. டியூஷனுக்குப் போமாட்டேன், வயிறு வலிக்குன்னா. அங்கன யாரையும் பிடிக்கலையாட்டின்னு கேட்டேன். அழுதுட்டா."

"வயித்துவலின்னு எங்கிட்டயுந்தான் சொன்னா! மொதல்ல எங்கிட்டதான் சொன்னா!"

ஜெயித்துவிட்ட குரல் அது.

"நீங்க என்ன செஞ்சீய?"

மதினி தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

"ஓமத்தண்ணி குடுத்து, நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."