கட்டைவிரல் துளையின் அளவு

ஐயா, இரண்டு நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் தனியாக இருக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறேன், வாடிக்கையாளர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறேன். உங்கள் விசாரணைக் குழுவுக்கு எழுதிவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் இந்தக் குஷி.

மூன்று விரலை விட்டு உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பார்களே, அந்தப் பௌலிங் பந்துக்குத் துளை போடுவது என் தொழில். கம்பெனியிலிருந்து வரும்போது பந்து மொழுமொழுவென்று இருக்கும், உள்ளே ஓர் எடைக்கட்டி ஒளிந்திருக்கும். அதற்கு எவ்வளவு தள்ளித் துளை போடுகிறோமோ, அதற்கேற்றபடி பந்து திரும்பும். மேல்பரப்பை உப்புத்தாளால் தேய்த்தால் தரையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பாலிஷ் போட்டால் தரையில் பூசியிருக்கும் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் சடாரென்று வளையும். உருட்டுகிறவர் யாரானாலும் பந்து நான் சொன்ன இடத்தில்தான் திரும்பும். இதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

என் தம்பி ஆறு வருட சாம்பியன். அவன் தொட்ட பந்தெல்லாம் நான் துளை போட்டது. "அக்கா, கொஞ்சம் சோம்பேறியா திரும்புற மாதிரி ஒண்ணு" என்பான். எனக்குப் புரிந்துவிடும். போன வருடக் கோப்பையை வாங்கியபோது மேடையில் நன்றி சொன்னான். பயிற்சியாளருக்கு, மனைவிக்கு, தரைக்கு எண்ணெய் பூசுகிறவருக்கு, தன் காலணிக்கு.

"என்னை விட்டுட்டியேடா" என்றேன் வீட்டில், சாப்பிடும்போது.

"நீ ஓட்டை போடுற. உருட்டுறது நான்தானேக்கா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்தான். மாமியாருக்குப் புரையே ஏறிவிட்டது.

இந்த வருட இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்கினேன். அப்படிச் சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. துளைகளுக்கு ஆறு அமைப்பு வரைந்து ஐந்தைக் கிழித்தேன். கடைசி நொடிவரை இறுக்கிப் பிடித்து, மணிக்கட்டைத் திருகி விட்டால்தான் சொன்னபடி கேட்கும் ஓர் அமைப்பை எடுத்துக்கொண்டேன். பாலிஷ் மட்டும் நான்கு முறை போட்டேன். அதில் முகம் பார்த்துப் பொட்டுகூட வைத்துக்கொண்டேன்.

ஆட ஆடக் கட்டைவிரல் வீங்கும். அதனால் மூன்று ஆட்டம் ஆடவிட்டு, கை சூடான பிறகு அளவெடுப்பது எங்கள் வழக்கம். தம்பியை நான் காலையில் வரச்சொன்னேன். ஐஸ் போட்ட ஜூஸைக் கையில் கொடுத்து, கதை பேசி, டம்ளரைக் கீழே வைக்கவிடாமல் உட்காரவைத்தேன். பிறகு குளிரில் சுருங்கிய விரலைத் துல்லியமாக அளந்து அட்டையில் எழுதினேன். துளையும் அதே அளவுதான். உங்கள் ஆட்கள் கருவி வைத்துப் பார்த்தபோது மயிரிழை வித்தியாசம் இல்லாதது அதனால்தான்.

பந்தைப் போட்டியன்று காலையில்தான் கொடுத்தேன். ஆட்டக்காரர்கள் துளைக்குள் டேப் ஒட்டிக்கொள்வார்கள், விரல் வீங்க வீங்க உரித்துவிடுவார்கள்.

"டேப் வேணாமாக்கா?"

"உன் விரலுக்குன்னே போட்டதுடா. எதுக்கு டேப்?"

எட்டாவது சுற்றில் விரலை இறுக்குவதாகச் சொன்னான். ஜெயித்துக்கொண்டிருந்தவனுக்குப் பந்தை மாற்ற மனசு வரவில்லை. ஒன்பதாவதில் விரல் வெளியே வரவில்லை. பந்து முன்னால் போக, தம்பி அதன் பின்னாலேயே போனான். தசைநார் அறுந்துவிட்டதாம், அந்தக் கை இனி சட்டைப் பொத்தான்கூடப் போடாது என்று டாக்டர் சொன்னார். அவன் விழுந்ததை முதல் வரிசையில் இருந்து பார்த்தேன். ஆறு வருடத்தில் முதல்முறையாக மொத்தக் கூட்டமும் பந்தைப் பார்த்தது. எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி குதிக்க வேண்டும்போல இருந்தது.

பிறகு உங்கள் அறிக்கை வந்தது. துளையில் குறையில்லை, இது விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வார வேலை ஐயா, ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பொறாமை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். முந்தாநாள்கூடக் கட்டுப்போட்ட கையோடு கடைக்கு வந்தான். "இடது கைல ஆடிப் பார்க்கலாம்னு இருக்கேன். உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றான். நான் அழுதே விட்டேன். உடனே உட்காரவைத்து அளவெடுத்தேன்.

அறிக்கையில் விபத்து என்பதை அடித்துவிட்டு அங்கே என் பெயரைப் போடுங்கள், அது போதும். பந்து தயார். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறான். அதற்குள் திருத்திவிட்டால் நல்லது, இன்னொரு முறையும் விபத்து என்றே எழுதினால் என் மனசு தாங்காது.