அந்த ‘ஹி’ யார்?

எப்பேர்ப்பட்ட மக்குக்கும் நவுனை அரை மணி நேரத்தில் புரிய வைத்துவிடுவேன். கண்ணில் படுவதை எல்லாம் சொல் என்பேன். பெஞ்சு, ஜன்னல், மின்விசிறி என்று கத்துவார்கள், முடிந்தது. அட்ஜெக்டிவ் கொஞ்சம் படுத்தும். புரோநவுனுக்கு என்னிடம் ஒரு ஜோக் உண்டு. நவுன் லீவு போட்டால் பதிலுக்கு வந்து உட்காரும் வாத்தியார்தான் புரோநவுன். யாருக்குப் பதிலாக வந்திருக்கிறார் என்று தெரியாவிட்டால், அதற்கு முன்னால் இருக்கும் நவுனைப் பார் என்பேன். இருபத்தாறு வருடமாக இதற்குச் சிரிக்கிறார்கள்.

எங்கள் டியூஷன் சென்டரில் நான் பெரிய சார். இரண்டு வருடத்துக்கு முன் ஆங்கிலம் எடுக்க இன்னொருவன் வந்தான், அவன் சின்ன சார். வெளியில் அவர், இவர் என்று மரியாதையாகத்தான் பேசுவேன். மனசுக்குள் அவன்தான். என் மாணவர்கள் ஒவ்வொருவராக அவன் அறைக்கு நகர்ந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் நான் கரும்பலகையில் ‘ஹெர் பேக் இஸ் ரெட்’ என்று எழுதி, ‘ஹெர்’ புரோநவுன் என்றேன். ஏதோ கேட்க வந்த சின்ன சார் வாசலிலேயே நின்று, “சார், அது பேக் யாருதுன்னு சொல்லுது, இங்க அட்ஜெக்டிவ்தானே? ‘ஐ சா ஹெர்’னா புரோநவுன்” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். அவன் சொன்னதுதான் சரி. அது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை மாலை, பழைய வினாத்தாள் கட்டுகள் கிடந்த ஸ்டோர் ரூமில் தீப்பிடித்தது. வயர் கோளாறு என்று பிறகு சொன்னார்கள். சின்ன சார் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தான். கதவு வெளியே பூட்டியிருந்தது. அவனை வெளியே கொண்டுவந்ததைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

விசாரிக்க வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எங்கள் வாட்ச்மேன் பெரியவருக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். பூட்டியதைக் கண்ணால் பார்த்தவர் அந்தப் பெரியவர். சாவிக்கொத்து இருந்தது அவருடைய மகனிடம். அவனும் சென்டரில்தான் வேலை. முந்தின நாள் சின்ன சாரோடு அவனுக்கு ஏதோ வாய்த்தகராறு வேறு. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், மூன்றே வாக்கியம் சொன்னார். நான் அதைச் சுருக்கி ஆங்கிலத்தில் இரண்டாக எழுதினேன். ‘மை சன் ஹாட் தி கீ. ஹி லாக்டு தி டோர்.’ பெரியவர் கைநாட்டு வைத்தார்.

இதில் ஒரு பொய்யும் கிடையாது. சாவி மகனிடம்தான் இருந்தது. பூட்டியது ஓர் ஆண்பிள்ளைதான். ‘ஹி’ யார் என்று அதிகாரி என்னைக் கேட்கவில்லை. முன்னால் இருந்த நவுனைப் பார்த்துக்கொண்டார். சின்ன வயதில் இலக்கணம் நன்றாகப் படித்தவர் போலிருக்கிறது.

மகன் தலையில் அடித்துக்கொண்டு என்னென்னவோ சொன்னான். பெற்ற அப்பனே சொல்லிவிட்ட பிறகு அவன் பேச்சை யார் கேட்பார்கள்? பன்னிரண்டு வருடம் கொடுத்தார்கள். அது தன் கைநாட்டால்தான் என்று பெரியவருக்குப் புரிந்த அன்றே அவருக்கு வாய் கோணிவிட்டது. பேச்சு திரும்பவே இல்லை. இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

அதிலிருந்து எனக்கு விடைத்தாள் திருத்தவே பயமாக இருக்கிறது. ‘ஹி இஸ் இன் தி ரூம்’ என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். பேனாவை மூடி வைத்துவிட்டேன். வீட்டில் எந்தக் கதவையும் சாத்துவதில்லை. காற்றுக்காக என்று மனைவி நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எட்டு மாதத்துக்கு முன், ஜெயிலில் இருப்பவனின் மனைவி என் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தையல்காரி. “பேப்பர் எல்லாம் இங்கிலீஷ்லயே இருக்கு சார். அப்பீலுக்கு முன்னாடி நானே ஒரு தடவை படிச்சுப் பாக்கணும்” என்றாள். கெட்டிக்காரி. நவுனுக்கு அடிக்கோடு, புரோநவுனுக்கு வட்டம், அட்ஜெக்டிவுக்கு நெளிகோடு. வட்டத்திலிருந்து அதன் நவுனுக்கு ஓர் அம்பு. எல்லாம் நான் கற்றுக்கொடுத்ததுதான்.

போன வாரம் அந்த வாக்குமூலத்தின் நகலை என் மேஜையில் விரித்தாள். ‘ஹி’யைச் சுற்றி வட்டம் இருந்தது. அம்பு இல்லை.

“எங்க போடறதுன்னு தெரியல சார்.”

“முன்னால இருக்கிற நவுனுக்குப் போடும்மா.”

“போட்டா எங்க வீட்டுக்காரர் மேலதான் வந்து நிக்குது. இங்கிலீஷ்ல அவனும் ‘ஹி’, அவரும் ‘ஹி’. மாமா தமிழ்லதானே சொன்னாரு? பெத்த பிள்ளைய அவரு எந்தக் காலத்துல ‘அவர்’னு சொன்னாரு? ‘அவர்’னு சொன்னது மட்டும் தெரிஞ்சா கேஸையே திருப்பிடலாம்னு வக்கீல் சொல்றாரு. கேட்டவங்க நீங்க ஒருத்தர்தான். மாமா அவன்னு சொன்னாரா, அவர்னு சொன்னாரா?”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பெரியவர் குரல் அப்படியே காதில் கேட்டது: “சாவி எம்பையன்கிட்ட இருந்துச்சு. அவன் அசந்த நேரத்துல அவர் எடுத்துட்டுப் போனாரு. அவர்தான் பூட்டினாரு.”

சின்ன சாரை அரை மணி நேரம் வியர்க்க விடலாம் என்றுதான் நினைத்தேன். பூட்டும்போதே கருகல் வாசனை வந்தது. வெளியில் யாராவது குப்பை எரித்திருக்கலாம். “பெரிய சார், நீங்களா?” என்று உள்ளேயிருந்து கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

“அவன்னுதான்மா சொன்னார்” என்றேன்.

 அவள் பென்சிலை எடுத்து, அம்பைத் தன் புருஷன் மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். கோடு வளைந்துவிட்டது. பழக்கதோஷம், நான் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.

பெரியவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அன்றைக்குக்கூட என்னை அவர் ‘அவர்’ என்றுதான் சொன்னார்.