மணி அடித்தபோது முழங்காலில் இருந்தேன்

இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஐயா அவர்களே! அருகில் வீற்றிருக்கும் போதகர் ஐயா அவர்களே! தலை நரைத்தும் நம்பிக்கை நரைக்காத பெரியவர்களே! பெற்ற பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கண்ணீர் வடிக்கும் தாய்மார்களே! எப்போது முடிப்பான் என்று கடிகாரத்தைப் பார்க்கும் பின்வரிசை நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

'அன்றாட வாழ்வில் விசுவாசம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இரத்தம் சோதிக்கும் கூடத்தில் வேலை செய்கிற எனக்கு 'முழங்கால் அண்ணன்' என்று பட்டமும் கொடுத்திருக்கிறீர்கள். தும்மினால்கூட முழங்கால் போட்டு ஜெபிப்பவனாம்! அந்த முழங்கால் இரண்டும் இப்போது நடுங்குகின்றன. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பது பணிவினால் என்று நினைத்துவிடாதீர்கள். சிரிக்கிறீர்கள்... சிரியுங்கள், சிரிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது.

பாம்புக்குப் பயந்தால் விளக்கு ஏற்றலாம். திருடனுக்குப் பயந்தால் தாழ்ப்பாள் போடலாம். தன் வாயிலிருந்து வரப்போகிற சொல்லுக்கே பயந்தவன் எங்கே போய்த் தாழ்ப்பாள் போடுவான்?

போன மாதம் சாரத்திலிருந்து விழுந்த தச்சரை உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஏற்றவிருந்த இரத்தம் மாறிப்போனதும், நான் ஜெபித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் ஆண்டவர் நர்ஸுக்கு உணர்த்தியதும், அவர் பிழைத்ததும் வீட்டுக்கு வீடு பேச்சாகிவிட்டது. அந்தச் சாட்சியைக் கேட்கத்தான் என்னை அழைத்தீர்கள். சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்ட கதை வேறு, நடந்த கதை வேறு.

எங்கள் கூடத்தில் ஒரு முறை உண்டு. பொருத்தமான இரத்தப் பையை எடுத்து, நோயாளியின் பேரும் எண்ணும் வகையும் எழுதிய சீட்டை நான் அதன் கழுத்தில் கட்டுவேன். வாங்க வரும் நர்ஸ் சீட்டை உரக்கப் படிக்க வேண்டும். நான் பையைப் பார்த்து உரக்கச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் பை கைமாறும். அன்று மேசையில் இரண்டு பைகள், இரண்டு சீட்டுகள். தச்சருக்கு ஓ வகை, இன்னொருவருக்கு பி வகை. நர்ஸ் தங்கச்சி வந்து நின்று, "படிக்கட்டுமா அண்ணா?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "விடும்மா, நான் பார்த்துட்டேன்."

பார்க்கவில்லை, ஐயா.

அவள் போன பிறகு மற்றப் பையைக் குளிர்பெட்டியில் வைக்கத் தூக்கினேன். சீட்டில் பி. பையில் ஓ. அப்படியானால் தச்சரிடம் போனது எது? அது உடம்பில் ஏறினால் ஆளைக் கொல்லும். டெலிபோன் என்னிடமிருந்து மூன்றடி. வார்டு எண் மனப்பாடம். "ஏத்தாதே" என்று ஒரு சொல் போதும். சொன்னேனா? ஓடினேனா? கத்தினேனா? கதவைத் தாழிட்டேன். முழங்கால் போட்டேன்.

வேண்டாம் அம்மா! அந்த இடத்துக்கு அல்லேலூயா சொல்லாதீர்கள்.

என்ன ஜெபித்தேன் தெரியுமா? தச்சரின் பேர் என் வாயில் வரவில்லை. அவர் மனைவி வரவில்லை. 'ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும், என் வேலையைக் காப்பாற்றும், என் பேரைக் காப்பாற்றும்' என்று உருகி உருகி ஜெபித்தேன். அப்போது டெலிபோன் மணி அடித்தது. ஜெப வேளையில் வரும் இடைஞ்சலெல்லாம் பிசாசின் வேலை என்று இதே மண்டபத்தில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கண்ணைத் திறக்காமலே, "விலகிப் போ!" என்று அதட்டினேன். யாரை? டெலிபோனை! அது நின்றது. மறுபடி அடித்தது. மறுபடி அதட்டினேன். மூன்றாம் முறையும் அடித்து ஓய்ந்தது.

அந்த மூன்று முறையும் வார்டில் தச்சர் கையில் ஊசி ஏறியிருந்தது. பை தொங்கிக்கொண்டிருந்தது. இரத்தம் இறங்கக் குழாயின் திருகைத் திறப்பதுதான் பாக்கி.

கதவைத் தட்டினார்கள். திறந்தேன். பையைக் கையில் பிடித்தபடி அந்தத் தங்கச்சி நின்றாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "அண்ணா, சீட்டுல ஓ-ன்னு இருக்கு, பையில பி-ன்னு இருக்கு. நான் ஏத்தல. மூணு தடவை போன் அடிச்சேன்." பிறகு என் முழங்காலில் இருந்த தூசியைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஜெபத்துலயா இருந்தீங்க? அதான்! ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருன்னு உள்ளுக்குள்ள யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு. உங்க ஜெபம்தான் அண்ணா!"

நான், "ஸ்தோத்திரம்" என்றேன். எப்பேர்ப்பட்ட சொல்! அதன் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன், ஐயா.

மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். நர்ஸ் அவசரப்பட்டாள், படிக்காமல் வாங்கிக்கொண்டு ஓடினாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்கு நோட்டீஸ் போயிற்று. அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். "படிக்கட்டுமான்னு நான் கேட்டேன்ல அண்ணா?" நான் அவள் தலையில் கை வைத்து, "ஞாபகம் இல்லம்மா. ஜெபம் பண்ணிக்கலாம்" என்றேன். அவளும் கண்ணை மூடினாள்! என்னை நம்பி, என்னோடு சேர்ந்து, கண்ணை மூடினாள்!

நாளைக் காலை அவளுக்கு விசாரணை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "பேசாம இருங்க. வேலை போயிட்டா எங்க போவோம்? ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்ல, அது போதாதா?" தெரியும்! அவருக்குத் தெரியும் என்பதுதானே அன்பர்களே, என் பயமே! இந்த ஒரு மாதமாக எந்த மணி அடித்தாலும் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. கோயில் மணிக்கும் பயப்படுகிறேன்.

ஜெபிக்க வேண்டாம் என்றா சொல்கிறேன்? ஐயோ, இல்லை! ஜெபியுங்கள். ஆனால் டெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு ஜெபியுங்கள். ஓடிக்கொண்டே ஜெபியுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாயாலேயே ஜெபியுங்கள். வெள்ளை உடுத்திக் கோயிலில் நிற்கும்போது விசுவாசம் நமக்குச் சுலபம். வேலை மேசைக்கு எதிரே ஒருத்தி நின்று "படிக்கட்டுமா?" என்று கேட்கும்போது, "படிம்மா" என்று சொல்லப் பொறுமை இருக்கிறதா? அங்கேதான் விசுவாசம் இருக்கிறது. அங்கே இல்லையென்றால் எங்குமே இல்லை.

தலைமை மருத்துவர் ஐயா, விசாரிக்கப் போகிறவர் நீங்கள்தான். நாளைவரை காத்திருந்தால் என் தைரியம் கரைந்துவிடும். ஆகவே இத்தனை பேர் காதுகேட்கச் சொல்கிறேன். சீட்டை மாற்றிக் கட்டியது நான். படிக்கவிடாமல் அனுப்பியது நான். தெரிந்தபிறகும் ஏழு நிமிடம் வாய் திறக்காதது நான். எழுதிக் கொடுத்தது பொய். தச்சரைப் பிழைக்க வைத்தது அவள் தானாகவே படித்த படிப்பு. என்னை என்ன செய்வீர்களோ, பயமாகத்தான் இருக்கிறது.

கைதட்ட வேண்டாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. முடிக்கும்போது சொல்லும் வணக்கம் மட்டும் ஒருவருக்குத்தான். கதவோரம் தலைகுனிந்து நிற்கிற தங்கச்சி, நிமிர்ந்து பாரம்மா. உனக்கு என் வணக்கம்.