அல்லிக் குட்டை மேல் குற்றமில்லை

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, தலை சுற்றும். அதனால்தான் காலையிலேயே வந்துவிட்டேன், ஐயா. நீங்கள் வரும்வரை ஸ்டேஷனுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஏட்டையா வந்து, "இன்னாம்மா, பிராது குடுக்கணுமா?" என்று கேட்டார். பிராது இல்லை, நீங்கள் எழுதி வைத்திருக்கும் ஒரு விஷயத்தைத் திருத்த வேண்டும் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

என் பெயர் அமிர்தவல்லி. பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் வெங்கடரமணன் என் வீட்டுக்காரர். பதினைந்து வயதில் கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்தேன். பிள்ளை இல்லை.

நீங்கள் போன வருஷம்தான் மாற்றலாகி வந்தீர்கள். அதற்கு முன்னால் இந்த ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. திண்டிவனம் ரோட்டில் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கிளை கோத்து நின்றன. கல்யாணமாகி மாட்டு வண்டியில் வந்தபோது என் தலையில் ஒரு பொட்டு வெயில் படவில்லை. ரோட்டை அகலம் பண்ணுகிறோம் என்று எல்லாவற்றையும் வெட்டினார்கள். அப்புறம் இலுப்பைத் தோப்பு. பங்குனியில் விடிகிற நேரம் போனால் தரையெல்லாம் பூ உதிர்ந்து, வெல்லப்பாகு காய்ச்சுகிற வாசனை அடிக்கும். இப்போது அங்கே ரைஸ் மில். தவிட்டுத் தூசியில் மூச்சு விட முடியாது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொட்டலம் மடிப்பதை நிறுத்தாமலே, "ஊரு வளருது. உனக்கு இன்னாத்துக்கு வயித்தெரிச்சல்?" என்பார்.

கோட்டையில் ஒரு கல்லைப் புரட்டினால் தண்டனை என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ராஜாக்கள் செத்துப்போன இடத்துக்குச் சர்க்கார் காவலாள் போட்டிருக்கிறது. நாங்கள் உயிரோடு புழங்குகிற இடத்துக்கு ஒரு பலகை கிடையாது. இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றும்.

கடைசியில் மிஞ்சியது பஜாருக்குப் பின்னால் இருந்த அல்லிக் குட்டை. கிழக்குப் படித்துறை பெண்களுடையது. மார்பளவுச் சுவர் ஒன்று மறைப்பாக இருக்கும். ஆண்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். பொழுது சாய்கிற நேரம் நம் கோட்டையின் கிருஷ்ணகிரி மலை தண்ணீருக்குள் தலைகீழாக விழுந்து கிடக்கும். மாமியாரைத் திட்டுவது, அழுவது, புடவை விலை பேசுவது எல்லாம் அங்கேதான். என் வீட்டில் நான் சத்தமாகச் சிரித்ததில்லை. அந்தப் படியில் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன்.

என்னைச் சிரிக்க வைத்தது குஞ்சம்மாள். அவள் குடியானவர் வீட்டுப் பெண். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தனியாளாக நிலத்தைப் பார்த்தவள். ஒரே மகள் விருத்தாம்பாளைத் தளவானூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். மல்லாட்டைக் கடலை வறுத்து மடியில் கட்டிக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் தின்றுவிட்டுத் தோலைத் தண்ணீரில் ஊதி விடுவோம். எங்கள் பழக்கம் இருபது வருஷத்துக்கு மேல்.

போன தை மாதம் பஜார் வியாபாரிகள் கூடி பஸ் ஸ்டாண்டு கமிட்டி ஒன்று வைத்தார்கள். குட்டையைத் தூர்த்து பஸ் நிறுத்த இடம் பண்ணுவது என்று முடிவு. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். நான் கமிட்டித் தலைவர் ராஜாங்கத்தின் ஜவுளிக்கடைக்கே போய்ப் பேசினேன்.

"இன்னாம்மா நீ, பஸ்ஸு வந்து நின்னா உன் கடைக்குத்தான் யாவாரம். பொம்பளைங்களுக்குக் குழாய் போட்டுத் தர்றோமே" என்றார்.

குழாயைச் சுற்றி உட்கார முடியாது என்றேன். அவர் சிரித்தார். கடைப் பையன்களும் சிரித்தார்கள். மறுபடி போனேன். மூன்றாம் முறை அவர் கடைக்குள் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினார். சரி, பெண்களிடம் பேசலாம் என்று தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "ஊட்டாண்டையே தண்ணி வந்தா நல்லதுதானேக்கா" என்றார்கள். குஞ்சம்மாளிடம் மட்டும் கேட்கவில்லை. அவளிடம் கேட்க வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

லாரி லாரியாக மண் வந்து கொட்டியது. கான்ட்ராக்டர் கலியபெருமாள் மேற்குப் பக்கத்திலிருந்து தூர்த்துக்கொண்டு வந்தார். அல்லிக் கொடிகள் மண்ணுக்கடியில் போயின. ஒருநாள் மேற்குக் கரையின் பழைய சுவர் சரிந்து ஒரு கூலியாளின் கால் முறிந்தது. "குட்டை காவு கேக்குது. நாங்க எறங்க மாட்டோம்" என்று மற்றவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள். கோழி அறுத்துப் பூசை போட்ட பிறகுதான் வேலை திரும்ப நடந்தது. இடையில் இரண்டு நாள் அமைதி.

ஒரு கால் முறிந்ததற்கு இரண்டு நாள் என்றால் ஒரு மனுஷி உயிருக்கு எவ்வளவு என்று யோசித்தேன். மளிகைக் கடைக்காரர் பெண்டாட்டி நான். எடை போட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கம்.

குழந்தைகளை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அது பாவம். ஊர் பேர் தெரியாத ஆள் என்றால் மறுநாளே மறந்துபோவார்கள். நானே இறங்கிவிடலாமா என்றும் பார்த்தேன். நான் போய்விட்டால் குட்டைக்காகப் பேச ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். ஊரே அழுகிற ஆளாக இருக்க வேண்டும். குஞ்சம்மாளைப் பிடிக்காதவர்கள் செஞ்சியில் கிடையாது.

அன்று வெள்ளிக்கிழமை. உச்சிப் பொழுதில் கூலியாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்க வந்தாள். எப்போதும் போல நான்தான் சீயக்காய் தேய்த்துவிட்டேன். தலையை அலசக் குனிந்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். பிடரியில் கை வைத்தேன். எப்போதும் வைப்பதுதான். இந்தத் தடவை எடுக்கவில்லை. நான் நினைத்ததைவிட நேரமானது. உழைத்த உடம்பு. முடிந்த பிறகு அவள் புடவையைச் சரியாக இழுத்து மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து உளுந்து ஊறப் போட்டேன்.

பாசி வழுக்கிவிட்டது என்று ஊர் சொன்னது. நீங்களும் வந்து பார்த்துத் தவறி விழுந்து மரணம் என்று எழுதிக்கொண்டு போனீர்கள். நான் அழுதேன். அது பொய் அழுகை இல்லை.

வேலை நின்றது. கூலியாட்கள் ஊருக்கே போய்விட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் நான் மட்டும் படியில் போய் உட்கார்ந்தேன். மிச்சமிருந்த தண்ணீரில் அல்லி மொட்டு விட்டிருந்தது. நிம்மதியாக இருந்தது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கமிட்டி எங்கள் கடை வாசலில் கூடியது. இனிமேல் இந்த இடம் வேண்டாம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக் கதவருகில் நின்று கேட்டேன். விருத்தாம்பாள் இடுப்பில் பிள்ளையோடு வந்து அத்தனை ஆண்களுக்கும் நடுவில் நின்றாள்.

"எங்கம்மாவ முழுங்குன குட்டை இது. இனிமே இருக்கக் கூடாது. சீக்கிரமா மூடிடுங்க" என்றாள்.

ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. முன்பு குழாயைப் பற்றி மட்டும் பேசிய பெண்கள்கூட ஆமாம், மூடத்தான் வேண்டும் என்றார்கள். கலியபெருமாள் வெளியூரிலிருந்து புது ஆட்களைக் கொண்டுவந்தார். லாரிகள் இரண்டு பங்காயின. இப்போது அதற்கு ஆள்முழுங்கிக் குட்டை என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை, ஐயா. நான் பார்த்த இத்தனை வருஷத்தில் அது ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட வாங்கியதில்லை. செய்யாத ஒன்றுக்கு அதைப் புதைக்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். "மனசு கெட்டுப்போயிருக்குது உனக்கு. கொஞ்ச நாளு சீயமங்கலத்துல உங்கண்ணன் ஊட்டுல போயி இரு" என்றார். ராஜாங்கத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கண் கலங்கி, "உன்ன மாதிரி ஒரு சிநேகிதி கெடைக்க அந்தம்மா குடுத்து வச்சிருக்கணும்" என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுத்தார். என் பேச்சை இந்த ஊரில் ஒருவரும் கேட்பதில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? நீங்களும் இப்போது பேனாவை மூடிவிட்டீர்கள்.

இந்தக் கையைப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை. வீட்டில் விறகு கிழித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். விறகு இப்படி வரிசையாக நாலு கோடு போடாது.

சரி. இப்போது எழுதுகிறீர்கள். நன்றி. குட்டை மேல் குற்றமில்லை என்பதை முதலில் எழுதுங்கள். அதை ஒரு நகல் எடுத்துக் கமிட்டிக்கு அனுப்புங்கள். லாரிகள் ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். அதற்குள் ஆள் அனுப்பினால் நிறுத்திவிடலாம். கிழக்குப் படி இன்னும் மூடவில்லை.

குஞ்சம்மாள் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்கிறீர்கள். ஒரு கோபமும் இல்லை. அவள் மனசு எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் குட்டைக்காக அவளே சம்மதித்திருப்பாள்.

அன்றைக்கு என்ன பேசிக்கொண்டோம் என்பதும் வேண்டுமா? சொல்கிறேன். சீயக்காய் தேய்த்துக்கொண்டே, "குஞ்சு, இதுவும் போயிட்டா நாம எங்க போயி உக்காருறது?" என்று கேட்டேன்.

அவள் நுரையோடு சிரித்தாள். "போனாப் போவுது யக்கா. தளவானூரு பஸ்ஸு இங்கியே வந்து நிக்குமாம். காத்தால ஏறுனா பேரனைப் பாத்துட்டுப் பொழுதோட வந்துடுவேன். இந்தக் குட்டையில இன்னா இருக்குது, பாசிதான்."

"குனி, அலசி வுடறேன்" என்றேன்.

அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். முன்கூட்டியே யோசித்து, குட்டைக்காக, நான்தான் செய்தேன். அவள் வேறு மாதிரி பதில் சொல்லியிருந்தால் கையை எடுத்திருப்பேனா என்பதெல்லாம் உங்கள் வழக்குக்குத் தேவையில்லை.