துருவத்தில் ‘யூ’ எத்தனை?

பவுலின்: இருங்கண்ணே, பெட்டியப் பூட்டாதீக. நோட்டுல யூ, வீன்னு எழுதி வச்சிருக்கீகளே, அது என்ன?

அமலதாஸ்: இப்பவா? காரைக்குடி பஸ் வந்துரும் பவுலின்.

பவுலின்: பள்ளத்தூருக்கு என்னிக்கு அது நேரத்துக்கு வந்துச்சு? எழுபத்தஞ்சுல போய் மூணு வருசம் அமெரிக்காவுல கம்ப்யூட்டர்ல படம் வரையப் படிச்சீக. தங்கச்சிக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?

அமலதாஸ்: நீ பூகோள டீச்சர். உனக்கெதுக்கு...

பவுலின்: பூகோளம்னா இளப்பமா?

அமலதாஸ்: சரி, அந்த உலக உருண்டைய இங்குட்டு நகத்து. இது மேல ஒரு இடம்... நீளம், அகலம், உசரம். எக்ஸ், ஒய், இசட். சரியா?

பவுலின்: ம்.

அமலதாஸ்: கம்ப்யூட்டருக்கு இது மொட்டை உருண்டை. மேல ஒட்டுற படம் தட்டையான காகிதம். இந்த இடத்துல காகிதத்தோட எந்தப் புள்ளி வந்து உக்காரணும்? குறுக்க எவ்வளவுங்கிறது யூ. நெடுக்க எவ்வளவுங்கிறது வீ.

பவுலின்: அதுக்கும் எக்ஸ், ஒய்னே வச்சா என்னவாம்?

அமலதாஸ்: அதத்தான் உருண்டை எடுத்துக்கிருச்சே! குழம்பிராது? அதான் வேற எழுத்து. பஸ் சத்தமா அது?

பவுலின்: லாரி. அப்ப யூ தீர்க்கரேகை மாதிரி, வீ அட்சரேகை மாதிரி.

அமலதாஸ்: ஆமா... கிட்டத்தட்ட.

பவுலின்: அப்ப வட துருவத்துல யூ எத்தனை?

அமலதாஸ்: யாரு உன்னய இதக் கேக்கச் சொன்னா?

பவுலின்: அங்க எல்லாத் தீர்க்கரேகையும் ஒண்ணாச் சேருது. காகிதத்தோட மேல் ஓரம் முழுக்க அந்த ஒரே புள்ளிதான். எந்த யூ போட்டாலும் தப்பில்ல. எட்டாங்கிளாஸ் பிள்ளை சொல்லும்.

அமலதாஸ்: சொல்லும்... கடைசிப் பரீட்சையில நாலு வாத்தியாருக இதையே கேட்டப்ப எனக்குத்தான் வாய் வரல.

பவுலின்: சொல்லுங்கண்ணே.

அமலதாஸ்: பெயிலாக்கிட்டாக பவுலின். நான் லீவுல வரல. இப்பப் போறதும் அமெரிக்கா இல்ல, மெட்ராஸ். ஏதாச்சும் வேலை தேடணும். அப்பாட்டச் சொல்லிராத...

பவுலின்: செப்டம்பர்ல இன்னொரு தடவை பரீட்சைக்கு வரச் சொல்லியிருக்காகண்ணே. உங்க காலேஜுலருந்து கடுதாசி வந்துச்சு. எந்தக் கேள்வியில நின்னீகன்னு கூட எழுதியிருக்காக.

அமலதாஸ்: கடுதாசியா! இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கல நீ?

பவுலின்: நீங்களாச் சொல்ற வரைக்கும் பேசக் கூடாதுன்னு உத்தரவு.

அமலதாஸ்: யாரு உத்தரவு... எங்க அது? குடு.

பவுலின்: அப்பா சட்டைப் பையிலண்ணே. நீங்க வந்து இறங்குறதுக்கு ஒரு வாரம் முந்தியே அங்க போயிருச்சு.